வார்னிங்கை வாயடைச்சேன், ஓட்டை தொறந்துகிச்சு

இது நானே பண்ண தப்பு, அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன். சின்ன கம்பெனி, எம்பெட்டட் சி எழுதுற வேலை. நெட்வொர்க்ல வர்ற பாக்கெட்டை வாங்கிப் பிரிச்சு சீரியல் போர்ட் வழியா மீட்டருக்கு அனுப்புற ஒரு கேட்வே பாக்ஸ், அதுக்குள்ள ஓடுற நாப்பதாயிரம் வரி கோடு, அதுல பாதிக்கு மேல எனக்கு முன்னாடி இருந்தவங்க எழுதினது, அவங்க யாரும் இப்போ அங்க இல்ல. ஒருநாள் கஸ்டமர் சைடுல இருந்து செக்யூரிட்டி ஸ்கேன் ரிப்போர்ட் குடுத்தாதான் அடுத்த ஆர்டர்னு மெயில் வந்துச்சு. மேனேஜர் என் சீட்டுக்கு வந்து, "ரெண்டு வாரம் டைம் இருக்குப்பா, ரிப்போர்ட்ல செவப்பா எதுவும் இருக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். ஓட்டை இருக்கக் கூடாதுன்னு சொல்லல, செவப்பு இருக்கக் கூடாதுன்னார். நானும் அதையே பிடிச்சுக்கிட்டேன்.

மொதல்ல எடுத்தது ஃப்ளாஃபைண்டர். டேவிட் வீலர் 2001ல எழுதின பழைய டூல், ஃப்ரீ, கோடை கம்பைல் பண்ணக்கூட வேணாம், ஃபோல்டரைக் காட்டினா போதும். அது பண்றது ரொம்ப சிம்பிள், ஆபத்தான ஃபங்ஷன் பேரு ஒரு லிஸ்ட்டா வச்சிருக்கு, இடம் பத்துமான்னு பாக்காம எழுத்தைக் காப்பி பண்ற ஸ்டர்காப்பி, அப்புறம் ஸ்பிரிண்ட்எஃப், சிஸ்டம் அப்படின்னு, அது கோடுல எங்க வந்தாலும் பூஜ்யத்துல இருந்து அஞ்சு வரைக்கும் ஒரு மார்க் போட்டுக் காட்டும். அந்த மாறிக்குள்ள என்ன வருது, யார் அனுப்புறாங்க, எவ்ளோ நீளம்னு எல்லாம் அதுக்குத் தெரியாது. ஊருக்குள்ள கத்தி வச்சிருக்கிறவன் எல்லார் பேரையும் எழுதிக்கிட்டு வர்ற மாதிரி, அதுல கறிக்கடைக்காரரும் இருப்பார், தேங்கா உரிக்கிறவரும் இருப்பார்.

ஸ்டர்காப்பி மட்டும் நூத்துக்கு மேல. எனக்கு என்ன தோணும்? எல்லாத்தையும், எத்தனை எழுத்து வரைக்கும்னு மூணாவதா சொல்லிக் குடுக்கிற ஸ்டர்என்காப்பியா மாத்திட்டா முடிஞ்சுதுன்னு தோணுச்சு. எடிட்டர்ல ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ், மூணாவது ஆர்க்யுமென்ட்டுக்கு, எவ்ளோ பைட்னு சொல்ற சைஸ்ஆஃப் போட்டு, ஒரே மத்தியானத்துல முடிச்சேன். மறுநாள் லேப்ல பாத்தா ஸ்கிரீன்ல மீட்டர் பேரெல்லாம் நாலே எழுத்து, அதுக்குப் பின்னாடி குப்பை. ஏன்னா பாதி இடத்துல டெஸ்டினேஷன் அர்ரே இல்ல, ஃபங்ஷனுக்குள்ள வந்த பாயின்டர், அதாவது வெறும் மெமரி விலாசம், 32 பிட் ஏஆர்எம் சிப்ல பாயின்டரோட சைஸ்ஆஃப் நாலு. நாலு எழுத்து காப்பி ஆகும், ஸ்டிரிங் இங்க முடியுதுன்னு காட்டுற கடைசி நல் (null) எழுத்து வராது. ஸ்டர்என்காப்பி பாதுகாப்பான ஸ்டர்காப்பின்னு நெறைய பேர் இன்னைக்கும் நம்புறாங்க, உண்மையில அது பழைய யூனிக்ஸ்ல டைரக்டரி என்ட்ரியில ஃபைல் பேரை 14 எழுத்து கட்டத்துக்குள்ள அடைக்கிற மாதிரியான வேலைக்கு வந்தது, இடம் மிஞ்சினா முழுக்க பூஜ்யத்தால நிரப்பும், பத்தலைன்னா நல் போடாமலே விட்டுரும். இதுல கூத்து என்னன்னா ஃப்ளாஃபைண்டர் ஸ்டர்என்காப்பியையும் லெவல் ஒண்ணுல காட்டும், நல் வராம போகலாம், பாத்துக்கோன்னு. நான் லெவல் ஒண்ணையெல்லாம் படிக்கவே இல்ல.

இப்போ அந்த மாதிரி இடத்துல நான் எஸ்என்பிரிண்ட்எஃப்தான் போடுறேன், போட்டுட்டு ரிட்டர்ன் வேல்யூவையும் பாக்குறேன். எவ்ளோ எழுதினோம்னு அது சொல்லாது, இடம் இருந்திருந்தா எவ்ளோ எழுதியிருப்பேன்னு சொல்லும், அது பஃபர் சைஸுக்கு சமமாவோ மேலயோ இருந்தா ஸ்டிரிங் வெட்டுப்பட்டிருச்சுன்னு அர்த்தம். அந்த ரிட்டர்ன் வேல்யூவை அப்படியே அடுத்த எழுத்தோட இன்டெக்ஸா எடுத்துக்கிட்டு பஃபருக்கு வெளிய எழுதுற கோடும் நிறைய பாத்திருக்கேன், அது தனிக் கதை.

இதை கம்பைலரே சொல்லியிருக்கணுமே, பாயின்டருக்கு சைஸ்ஆஃப் போட்டா ஜிசிசி கம்பைலர் டபிள்யூ-ஆல் (-Wall) ஆப்ஷன் போட்டாலே திட்டுமேன்னு சந்தேகம் வந்து, கோடை எப்படி பில்ட் பண்ணணும்னு எழுதி வச்சிருக்கிற மேக்ஃபைலைத் தொறந்தேன். அங்க நடுவுல சின்ன டபிள்யூ (-w). பெருசு இல்ல, சின்னது. எல்லா வார்னிங்கையும் மூடுன்னு அர்த்தம். எவரோ எப்பவோ அவசரத்துல போட்டது, பல வருஷமா அப்படியே கெடக்கு. வெளிய இருந்து ஸ்கேனர் கொண்டு வர்றதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள இருக்கிற நாயோட வாய்க்கட்டை அவுத்துவிட்டிருக்கணும். யாராவது ஸ்டாடிக் அனாலிசிஸ், அதாவது கோடை ஓட்டாமலே படிச்சுத் தப்பு தேடுறது, எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா நான் மொதல்ல மேக்ஃபைலைத்தான் காட்டச் சொல்றேன். டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா, ஃபார்மேட் ஸ்டிரிங்குக்கு டபிள்யூ-ஃபார்மேட் ரெண்டு, இது மூணும் போடாம வேற டூல் பேச்சே வேணாம். டபிள்யூ-ஆல்னா எல்லாம்னு நெனைச்சுக்கவும் வேணாம். 2014 பிப்ரவரியில ஆப்பிளோட எஸ்எஸ்எல் (நெட்வொர்க் என்கிரிப்ஷன்) கோடுல, தப்புன்னா கீழ தாவுன்னு சொல்ற goto fail-ங்கிற வரி ரெண்டு தடவை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா விழுந்து, சிக்னேச்சர் செக்கே நடக்காம போச்சுல்ல, அந்த மாதிரி எட்ட முடியாத கோடை க்ளாங்ங்கிற இன்னொரு கம்பைலர் தனியா ஒரு வார்னிங் போட்டாதான் காட்டும், டபிள்யூ-ஆல்ல அது வராது. ஜிசிசியில அதே பேர்ல ஆப்ஷன் குடுத்தா மரியாதையா வாங்கி வச்சுக்கும், ஆனா ஒண்ணும் பண்ணாது, அந்த வசதியை எப்பவோ எடுத்துட்டாங்க. வரி தள்ளி இருக்கிறதைப் பாத்து ஏமாத்துதேன்னு சொல்ற வார்னிங் ஜிசிசி 6ல, 2016லதான் வந்துச்சு.

சரி, சின்ன டபிள்யூவை எடுத்துட்டு, அந்த மூணையும் சேத்து பில்ட் போட்டேன். ரெண்டாயிரத்து நூத்துச் சொச்சம் வார்னிங்.

அதுல பெரும்பகுதி சைன்-கம்பேர். மைனஸும் ஆகக்கூடிய சைன்ட் நம்பரையும் மைனஸே ஆகாத அன்சைன்ட் நம்பரையும் ஒப்பிடுறியேங்கிற புலம்பல். எனக்கு இருந்தது இன்னும் ஆறு நாள். இதை இந்த வகை நம்பராவே எடுத்துக்கோன்னு சொல்ற காஸ்ட் (cast) போட்டா போயிடும்னு தெரியும், ஒவ்வொரு ஃபைலாத் தொறந்து காஸ்ட் போட்டுக்கிட்டே போனேன், கமிட் மெசேஜ் எல்லாத்துக்கும் ஒண்ணுதான், வார்னிங் ஃபிக்ஸ். கடைசில ரிப்போர்ட் சுத்தம். மேனேஜருக்கு சந்தோஷம், கஸ்டமருக்கு சந்தோஷம், எனக்கு ஒரு பிரியாணி.

மூணு மாசம் கழிச்சு டெஸ்டிங்ல இருக்கிற மேடம் கூப்பிட்டாங்க. "ஏம்ப்பா, நான் ஒண்ணுமே பண்ணல, பாக்கெட்ல லென்த் ஃபீல்டை மட்டும் மூணுன்னு வச்சு அனுப்பினேன், உன் பாக்ஸ் ரீபூட் ஆகுது. திரும்ப அனுப்பினா திரும்ப ரீபூட். போன ரிலீஸ்ல இது இல்லையே?"

போன ரிலீஸ்ல இல்லைங்கிறதுதான் என்னைத் தூக்கிப் போட்டுச்சு. நடந்தது இதுதான். பாக்கெட்டோட மொத்த நீளம் ரெண்டு பைட்ல வரும், அதுல ஹெடர் ஆறு பைட்டைக் கழிச்சு ஒரு சாதா இன்ட்ல, அதாவது சைன்ட் நம்பர்ல, வைப்போம், அது பஃபரோட சைஸ்ஆஃபை விடப் பெருசா இருந்தா திரும்பிடுவோம், பஃபர் 256 பைட், இல்லைன்னா அவ்ளோ பைட்டை பஃபருக்குக் காப்பி பண்ற மெம்காப்பி. மூணுல ஆறு போனா மைனஸ் மூணு. பழைய கோடுல இந்த மைனஸ் மூணை சைஸ்ஆஃபோட ஒப்பிடும்போது சி என்ன பண்ணும்னா, ஒரு பக்கம் அன்சைன்ட் இருக்கிறதால இன்னொரு பக்கத்தையும் அன்சைன்ட் ஆக்கிரும், மைனஸ் மூணு 4294967293 ஆயிரும், அது 256ஐ விடப் பெருசு, பாக்கெட் வெளிய போயிடும். யாரும் யோசிச்சு எழுதினதில்ல, தற்செயலா காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. ஜிசிசி வார்னிங் குடுத்தது சரியா அந்த வரிக்குத்தான். நான் போய் சைஸ்ஆஃபுக்கு முன்னாடி இன்ட்னு காஸ்ட் போட்டேன். இப்போ ரெண்டு பக்கமும் சைன்ட். மைனஸ் மூணு 256ஐ விடச் சின்னது, தாராளமா உள்ள வா. மெம்காப்பி மூணாவது ஆர்க்யுமென்ட்டை அன்சைன்ட்டாதான் வாங்கும், அதனால நானூறு கோடி பைட்டுக்கு மேல காப்பி பண்ணக் கெளம்பிரும்.

எந்த வரியை யார் மாத்தினதுன்னு காட்டுற கிட் பிளேம் போட்டேன். என் பேரு, வார்னிங் ஃபிக்ஸ். பாஸ்வேர்டு எதுவும் இல்லாம அந்த நெட்வொர்க்ல இருக்கிற யார் வேணாலும் ஒரே ஒரு பாக்கெட்டால பாக்ஸைச் சாய்க்கலாம்ங்கிற ஓட்டையை, செக்யூரிட்டி ஸ்கேன் பேரைச் சொல்லி நானே தொறந்து விட்டிருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி இந்த மாதிரி வேற யாருக்கும் நடந்திருக்கான்னு படிச்சப்போ டெபியன் கதை ஞாபகம் வந்துச்சு, முன்னாடி படிச்சப்போ சிரிச்ச கதைதான். 2006ல டெபியன் லினக்ஸ்ல ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கிற என்கிரிப்ஷன் பாக்கேஜைப் பாத்துக்கிட்டவர், இனிஷியலைஸ் பண்ணாத மெமரியைப் படிக்கிறேன்னு வேல்கிரிண்ட் புலம்புதேன்னு ரெண்டு வரியை கமென்ட் பண்ணிட்டார். அதுல ஒண்ணு ராண்டம் நம்பருக்கு விதை போடுற வரி. மிஞ்சினது ஓடுற புரோகிராமுக்கு சிஸ்டம் குடுக்கிற நம்பரான பிராசஸ் ஐடி மட்டும், அது 32768 வரைக்கும்தான் போகும். 2008 மே மாசம் வெளிய வர்ற வரைக்கும், கிட்டத்தட்ட ரெண்டு வருஷம், டெபியன்லயும் உபுண்டுலயும் பொறந்த, வேற மெஷின்ல லாகின் பண்ற எஸ்எஸ்ஹெச் கீயெல்லாம் ஒரு ஆள் உக்காந்து முழுசா எண்ணிப் பாத்துரக்கூடிய அளவுல இருந்துச்சு. வேல்கிரிண்ட் ஓடுற புரோகிராமைப் பாக்குற டூல், ஸ்டாடிக் இல்ல, ஆனா வியாதி ஒண்ணுதான். புலம்பினது ஒரு வரி, நிறுத்தினது புலம்பலை.

அதுக்கப்புறம் என் வேலை மொறையே மாறிப்போச்சு. சரி செஞ்ச விதத்தை மொதல்ல சொல்லிடுறேன், மொத்த நீளம் ஆறுக்குக் கீழ இருந்தா கழிக்கிறதுக்கு முன்னாடியே திரும்பிடணும், நீளம் வைக்கிற மாறி அன்சைன்ட்டா இருக்கணும், காஸ்ட் எதுவும் கெடையாது. காஸ்ட் போட கை போச்சுன்னா அந்த நம்பர் மைனஸ் ஆகுமா ஆகாதான்னு எனக்கு நானே பதில் சொல்லணும், பதில் தெரியாதுன்னா வார்னிங் அப்படியே இருக்கட்டும், அசிங்கமா இருந்தா பரவால்ல.

ரெண்டாயிரம் வார்னிங்கை ஒரேயடியா தீர்க்கிற எண்ணத்தையும் விட்டுட்டேன். பழசை ஒரு ஃபைல்ல எழுதி வச்சாச்சு, புதுசா ஒண்ணு வந்தா பில்ட் நிக்கும். பழசுல எதை முன்னாடி பாக்குறதுன்னா, வெளி ஆள் அனுப்புற பைட் எந்த ஃபைலை மொதல்ல தொடுதோ அதை. எங்க நாப்பதாயிரம் வரியில பாக்கெட்டைப் பிரிக்கிற கோடு மூவாயிரம் வரிதான் இருக்கும், அதுக்குள்ள வர்ற ஒவ்வொரு நம்பருக்கும் ஒரே கேள்வி, இந்த நம்பரைத் தீர்மானிக்கிறது யாரு, நாமளா வெளியில இருக்கிறவனா. எல்சிடியில வெர்ஷன் நம்பர் காட்டுற இடத்துல இருக்கிற ஸ்பிரிண்ட்எஃப்புக்கு ஃப்ளாஃபைண்டர் எத்தனை மார்க் போட்டாலும் அது அடுத்த வருஷம்.

இந்தக் கேள்வி டூலுக்கும் கஷ்டம்தான். ஓப்பன்எஸ்எஸ்எல்ல இருந்த ஹார்ட்பிளீட் ஓட்டை எல்லாருக்கும் தெரியும், ஓட்டை லிஸ்ட்ல அதோட நம்பர் சிவிஇ-2014-0160, உயிரோட இருக்கியான்னு கேக்குற ஹார்ட்பீட் பாக்கெட்ல ரெண்டு பைட்ல ஒரு நீளம் வரும், உண்மையில அவ்ளோ டேட்டா வந்திருக்கான்னு பாக்காம ஓப்பன்எஸ்எஸ்எல் அந்த நீளத்தை நம்பி மெம்காப்பி பண்ணித் திருப்பி அனுப்பிரும், ஒரு தடவைக்கு 64 கேபி வரைக்கும் சர்வர் மெமரி வெளிய போகும். 2012ல வந்த 1.0.1ல இருந்து 2014 ஏப்ரல் வரைக்கும் உள்ளயே இருந்துச்சு. பெரிய ஸ்டாடிக் அனாலிசிஸ் டூல் எதுவும் அதைப் பிடிக்கல, ஏன்னா அந்த நம்பர் நெட்வொர்க்ல இருந்து வந்ததுன்னு டூலுக்கு யாரும் சொல்லல, நடுவுல அத்தனை பாயின்டர், அத்தனை லேயர். அப்புறம் கவரிட்டிங்கிற ஸ்டாடிக் அனாலிசிஸ் டூல்காரங்க பண்ணது எனக்கு ரொம்பப் பிடிச்ச தந்திரம். ஒரு கோடு ரெண்டு பைட்டை எடுத்து இடம் மாத்திப் போட்டு ஒரு நம்பர் ஆக்குதுன்னா, அது பெரும்பாலும் நெட்வொர்க்ல இருந்து வந்ததாத்தான் இருக்கும், அப்போ அந்த நம்பரை நம்பாதேன்னு டூலுக்குச் சொல்லிக் குடுத்துட்டாங்க. இதுக்கு காசு குடுத்து டூல் வாங்கணும்னு இல்ல. நான் எங்க கோடுல இப்படி ரெண்டு பைட்டை எட்டு பிட் தள்ளி OR போட்டுச் சேக்குற மேக்ரோவை கிரெப் பண்ணித் தேடினேன், இருபத்தி மூணு இடம் வந்துச்சு, ஒரு பேப்பர்ல எழுதி ஒவ்வொண்ணும் எங்க போய் முடியுதுன்னு ரெண்டு நாள் உக்காந்து பாத்தேன். அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் பாத்ததை விட அந்த ரெண்டு நாள்ல கோடு எனக்குப் புரிஞ்சது அதிகம்.

நான் உண்டாக்கின பக்கையும் (bug) வீணாக்கல. ஒரே மாதிரி தப்பு ஒரு இடத்தோட நிக்காது, எழுதின கை ஒண்ணுதானே. கோட்கியூஎல்ங்கிற டூல்ல ஒரு க்வெரி எழுதினேன், மெம்காப்பியோட மூணாவது ஆர்க்யுமென்ட்டாப் போற நம்பர் சைன்ட்டா இருந்து, அதோட கீழ் எல்லை பூஜ்யத்துக்குக் கீழ போகலாம்னா காட்டுன்னு. இந்த டூல் நாம பில்ட் பண்றதைப் பக்கத்துல உக்காந்து பாத்து கோடை ஒரு டேட்டாபேஸ் ஆக்கிக்கும், அப்புறம் அதுகிட்ட என்ன கேள்வி வேணாலும் கேக்கலாம். கம்பெனியோட மூடின கோடுல ஓட்டணும்னா லைசன்ஸ் வேணும், அதை மொதல்லயே பேசிக்கோங்க, ஓப்பன் சோர்ஸுக்கு ஃப்ரீ. இன்னும் மூணு இடம் மாட்டுச்சு. அதுல ரெண்டு என் காஸ்ட்டேதான்.

க்ளாங் ஸ்டாடிக் அனலைசர் வேற ஜாதி. மேக் கமாண்டுக்கு முன்னாடி ஸ்கேன்-பில்ட்னு போட்டா போதும், ஓடாமலே ஓடுற மாதிரி ஒவ்வொரு பாதையா நடந்து பாத்து, பிரவுசர்ல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அம்பு போட்டுக் காட்டும். எங்க கோடுல எரர் வந்தா goto போட்டு கீழ க்ளீனப்புக்குப் போற இடத்துல ஒரே பாயின்டரோட மெமரியை ரெண்டு தடவை ஃப்ரீ பண்ணி விடுறதைக் காட்டுச்சு, பதினேழு ஸ்டெப். மொதல் ஸ்டெப்ல இருந்து படிச்சா நாலாவதுலயே தூக்கம் வந்துரும். நான் கண்டுக்கிட்ட வழி, கடைசி ஸ்டெப்பை மொதல்ல படிச்சுட்டு மேல ஏறுறது, ஏறும்போது "இந்த பாயின்டர் நல், அதாவது எங்கயும் காட்டலைன்னு வச்சுக்குவோம்" மாதிரி அது அனுமானம் பண்ற இடத்துல மட்டும் நிக்கிறது, அந்த அனுமானம் நெஜத்துல நடக்கவே நடக்காதுன்னு நிரூபிக்க முடிஞ்சா அது பொய் வார்னிங், முடியலைன்னா பக்கு. நடக்காதுன்னு தோணுதுங்கிறது நிரூபணம் இல்ல. ஜிசிசியிலயும் இந்த மாதிரி ஒண்ணு 10ஆவது வெர்ஷன்ல, 2020ல வந்துச்சு, எஃப்-அனலைசர்னு போட்டா ஓடும். எக்ஸ்ட்ரா இன்ஸ்டால் எதுவும் வேணாம்.

சிபிபிசெக்கும் நல்ல டூல், ஆனா சும்மா ஃபோல்டரைக் காட்டினா ஹெடர் ஃபைல் கெடைக்காம ஊகிச்சுக்கிட்டு ஓடும், எந்த ஃபைலை எப்படி கம்பைல் பண்றோம்னு இருக்கிற கம்பைல் கமாண்ட்ஸ் ஜேசன் ஃபைலைக் குடுத்தா ரிசல்ட் வேற லெவல். மேக்ஃபைல்ல இருந்து அந்த ஃபைலை உண்டாக்க பேர்னு ஒரு டூல் இருக்கு, பேர்னா பெயர் இல்ல, கரடி. சிபிபிசெக்ல ஒரு மெசேஜை எல்லாரும் தள்ளிவிட்டுருவாங்க, இந்த நல் செக் தேவையில்லாததா இருக்கும், இல்லைன்னா மேல பாயின்டரைத் தொட்டது தப்பு, ரெண்டுல ஒண்ணுன்னு சொல்லும். செக் தான் இருக்கேன்னு விட்டுராதீங்க. 2009ல லினக்ஸ் கெர்னல்ல டன் (TUN) நெட்வொர்க் டிரைவர்ல இதே கதைதான், பாயின்டரைத் தொட்டுட்டு அதுக்கப்புறம் அது null-ஆன்னு பாத்தாங்க, ஜிசிசி என்ன நெனைச்சுச்சுன்னா, ஏற்கெனவே தொட்டாச்சு, அப்போ அது null-ஆ இருக்க வாய்ப்பில்லைன்னு அந்த செக்கையே தூக்கிட்டுச்சு. கோடுல செக் இருக்கு, பைனரியில இல்ல. அதை வச்சு ரூட், அதாவது மெஷின்ல முழு அதிகாரம், எடுக்கிற எக்ஸ்ப்ளாய்ட்டே வந்துச்சு. கெர்னல்காரங்க அந்த ஆப்டிமைசேஷனையே நிறுத்தி வச்சாங்க.

பொய் வார்னிங்கை மூடும்போது அந்த வரியிலயே கமென்ட், ஏன் பொய்னு ஒரு வாக்கியம், யார் பாத்தாங்கன்னு பேரு. வாக்கியம் எழுத வராத வார்னிங்கை மூடக்கூடாதுன்னு டீம்ல பேசி வச்சிருக்கோம், எழுத உக்காரும்போதுதான் பாதி பேருக்கு அது பொய் இல்லைன்னு தெரியுது. டூலுக்குத் தெரியாத பக்கத்துக்கு மேடம் பாணிதான். பாக்கெட் பிரிக்கிற கோடை லினக்ஸ் பிசியில, மெமரியைத் தப்பாத் தொட்டா ஓடும்போதே பிடிச்சுச் சொல்ற அட்ரஸ் சானிடைசரோட கம்பைல் பண்ணி கன்னாபின்னான்னு நீளம் குடுத்து ஓட்டுறோம். மூணுன்னு குடுத்த அந்த பாக்கெட்டை அதுல ஓட்டினப்போ நெகட்டிவ் சைஸ்னு எந்த வரின்னும் சேத்துச் சொல்லுச்சு, ஒரு செகண்ட் வேலை.

க்வெரியில மாட்டின மூணாவது இடம் எங்க கோடு இல்ல, ஒரு வெண்டர் குடுத்த லைப்ரரி, சோர்ஸ் கைல இருக்கு, ஆனா மாத்தினா சப்போர்ட் கெடையாதுன்னு அக்ரிமென்ட். மெயில் போட்டு நாலு மாசம் ஆச்சு. டிக்கெட் நம்பர் வந்துச்சு, பதில் வரல. அதுவரைக்கும் அந்த ஃபங்ஷனைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி நாங்களே நீளத்தைப் பாத்துக்கிறோம், கூப்பிடுற இடம் அஞ்சு, அஞ்சுக்கும் செக் போட்டாச்சு. ஆறாவதா யாராவது புதுசா கூப்பிட்டா பில்ட் நிக்கிற மாதிரி அதுக்கும் ஒரு க்வெரி எழுதி வச்சிருக்கேன், போன வாரம் ஒரு தடவை நின்னுச்சு.